சூம் லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? எதைக் கெமராக் கொம்பனியில் எடுப்பது, எதை வெளிக் கொம்பனியில் எடுப்பது

போன மாதம் உப்புவெளியில் இருக்கிற என் சித்தி மகன், சீட்டுக் காசு கைக்கு வந்த கையோடு எனக்கு ஃபோன் எடுத்தான். "அண்ணா, கெனன் கெமராவுக்குக் கெனன் லென்ஸ்தானே போட வேணும்? கடைக்காரர் சிக்மா எடுங்கோ, அதுவும் நல்லது, விலையும் குறைவு என்கிறார். எனக்குப் பயமாக் கிடக்கு." திருகோணமலையில் கலியாணம், சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று கெமராவைத் தூக்கிக்கொண்டு திரிகிற பொடியன்கள் பலரும் இதே கேள்வியோடுதான் என்னிடம் வருகிறார்கள். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

பதில் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். எஃப் 2.8 திறப்புள்ள (எஃப் இலக்கம் குறையக் குறைய உள்ளே வருகிற வெளிச்சம் கூடும்) குட்டைச் சூம் என்றால் வெளிக் கொம்பனியைத் தாராளமாக எடுக்கலாம், அதாவது சிக்மா, டாம்ரோன். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டுகிற, விலை குறைந்த நடுத்தர டெலி சூம் என்றால் கெமராக் கொம்பனியின் சொந்த லென்ஸையே எடுங்கள். பறவைகளுக்கு 500, 600 மில்லிமீற்றர் என்று போகிறீர்கள் என்றால் பெரும்பாலும் மறுபடியும் வெளிக் கொம்பனிதான். காசு நிறைய இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை. இந்தக் கணக்கு, ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும், அது பிழைத்தால் அடுத்தது வாங்க இரண்டு வருடம் ஆகும் என்கிறவர்களுக்கு.

முதலில் கடைக்குப் போகாதீர்கள். கெமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸில் கடைசியாக எடுத்த இருநூறு படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றின் தகவலிலும் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: எத்தனை மில்லிமீற்றரில் எடுத்தீர்கள், ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) எவ்வளவு. ஐஎஸ்ஓ 3200, 6400 என்று ஏறிக் கிடந்தால், முகமெல்லாம் மணல் தூவியது போல இருந்தால், உங்களுக்குக் குறைவது வெளிச்சம். பாதிப் படங்கள் 55 மில்லிமீற்றரில் முட்டிக்கொண்டு நின்று, பிறகு நீங்களே ஓரத்தை வெட்டி உருவத்தைப் பெரிதாக்கியிருந்தால், குறைவது தூரம். இரண்டும் இரண்டு வேறு லென்ஸ். இரண்டையும் ஒன்றே தீர்க்கும் என்று சொல்லி விற்கப்படுகிற 18-200, 18-400 வகை லென்ஸ்கள் பகல் வெளிச்சத்தில் பயணம் போகிறவர்களுக்குச் சரி, மண்டபத்துக்குள் அவை உங்கள் கிட் லென்ஸை விட ஒரு படி கூட உதவாது. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

வெளிச்சக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம், ஏனென்றால் இங்கேதான் காசு சரியான இடத்துக்குப் போகிறதா என்பது தெரியும். கிட் லென்ஸை 50 மில்லிமீற்றருக்கு அருகே இழுத்தால் அதன் திறப்பு எஃப் 5.6க்கு வந்துவிடும். எஃப் 2.8 லென்ஸ் அதே இடத்தில் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மண்டபத்துக்குள் தாலி கட்டுகிற நேரம், ஐயர் மந்திரம் சொல்ல, ஓமப் புகை ஒரு பக்கம், வீடியோக்காரரின் விளக்கு ஒரு பக்கம், நீங்கள் ஐஎஸ்ஓ 6400 வைத்து எடுத்துக்கொண்டிருந்த படத்தை, ஷட்டர் வேகத்தைத் தொடாமலே ஐஎஸ்ஓ 1600இல் எடுக்கலாம். பெண்ணின் கழுத்து நகையில் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். இந்த வித்தியாசத்தைப் புதுக் கெமரா வாங்கினாலும் சுலபத்தில் பெற முடியாது, அதனால்தான் கெமராவை மாற்றப் போகிறேன் என்று வருகிறவர்களிடம் முதலில் லென்ஸை மாற்று என்று சொல்கிறேன்.

சரி, அந்த எஃப் 2.8 சூமைக் கெமராக் கொம்பனியில் எடுப்பதா, வெளியில் எடுப்பதா? டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கெமரா வைத்திருப்பவர்களுக்கு இதில் குழப்பமே வேண்டாம். கெனனின் 17-55 எஃப் 2.8 அருமையான லென்ஸ்தான், ஆனால் பாவித்ததுக்குக்கூட விலை கூடக் கேட்பார்கள், உள்ளே தூசி போகிறது என்ற முறைப்பாடும் அதற்கு நீண்ட காலமாக உண்டு. 2010இல் வந்த சிக்மா 17-50 எஃப் 2.8இல் நடுக்கம் தடுக்கிற அமைப்பும் இருக்கிறது, மோட்டாரும் சத்தமில்லாதது. டாம்ரோன் 17-50 இரண்டு வகையில் வந்தது. நடுக்கத் தடுப்பு இல்லாத பழையது எடை குறைவு, படம் கூர்மை, ஆனால் ஃபோகஸ் தேடும்போது தையல் மெஷின் போலச் சத்தம் போடும். படம் மட்டும் எடுப்பவர்களுக்கு அது பெரிய குறை இல்லை. வீடியோவும் எடுப்பவர்கள் சிக்மா பக்கம் போகட்டும்.

அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கெமரா வைத்திருப்பவர்களில் சோனிக்காரர்களுக்குத்தான் அதிர்ஷ்டம். சோனி 2011இலேயே தன் ஈ-மவுண்டின் (மவுண்ட் என்பது லென்ஸைக் கெமராவில் பூட்டுகிற இடம்) அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கொம்பனிகளுக்குக் கட்டணமில்லாமல் திறந்துவிட்டது, அதனால் சிக்மாவும் டாம்ரோனும் ஊகித்து ஊகித்துச் செய்ய வேண்டியிருக்கவில்லை. சிக்மா 18-50 எஃப் 2.8 2021இல் வந்தபோது அமெரிக்காவில் 549 டொலர். அதே வேலைக்கான சோனியின் சொந்த 16-55 எஃப் 2.8, 2019இல் வந்தபோது கிட்டத்தட்ட 1,400 டொலர். சிக்மா 300 கிராமுக்கும் குறைவு, காலை முதல் இரவு வரை கழுத்தில் கிடந்தாலும் தெரியாது. ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் உள்ள முழுச் சட்டகக் கெமரா வைத்திருப்பவர்களுக்கு 2018இல் டாம்ரோன் 28-75 எஃப் 2.8 வந்தது, 550 கிராம். சோனியின் 24-70 ஜிஎம் முதல் பதிப்பு 886 கிராம், வெளிவந்தபோது டாம்ரோனைவிட இரண்டரை மடங்குக்கு மேல் விலை. இந்த இரண்டிலும் ஒரே கலியாணத்தை எடுத்து, ஆல்பத்தில் அச்சடித்து வைத்தால் எந்தப் படம் எதில் எடுத்தது என்று வீட்டுக்காரருக்குத் தெரியப்போவதில்லை. எனக்கும் அநேகமாகத் தெரியாது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிக்மா 18-50இல் நடுக்கத் தடுப்பு இல்லை. சோனி ஏ6000, ஏ6400, இசட்வி-ஈ10 இவற்றின் கெமராவுக்குள்ளும் இல்லை. கையில் பிடித்து வீடியோ எடுப்பவர் என்றால் டாம்ரோன் 17-70 எஃப் 2.8 பாருங்கள், அதில் தடுப்பு உண்டு, ஆனால் பருமனும் எடையும் கூட. கலியாணப் படம் மட்டும் என்றால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். ஆட்கள் அசைகிறார்கள், எப்படியும் ஷட்டரை 1/125க்கு மேல் வைக்கத்தான் போகிறீர்கள், அசைகிற ஆளை எந்த நடுக்கத் தடுப்பும் நிறுத்தாது.

கெனன் ஆர்10, ஆர்50 போன்ற ஆர்எஃப் மவுண்ட் கெமராக்காரர்கள் நீண்ட காலம் கஷ்டப்பட்டார்கள். கெனன் அந்த மவுண்டை மற்றவர்களுக்குத் திறக்காமலே வைத்திருந்தது. 2024இல்தான் சிறிய சென்சார் கெமராக்களுக்காகச் சிக்மாவுக்கும் டாம்ரோனுக்கும் அனுமதி கொடுத்தது, அந்தச் சிக்மா 18-50 இப்போது ஆர்எஃபிலும் கிடைக்கிறது. அதுவும் எட்டாத விலை என்றால் கெனன் டிஎஸ்எல்ஆருக்கான இஎஃப் லென்ஸை ஆர்எஃப் கெமராவில் பூட்டுகிற அடப்டர் வாங்கி, பாவித்த சிக்மா 17-50ஐப் போடுங்கள். கொஞ்சம் நீளமாக முன்னே துருத்திக்கொண்டு நிற்கும், வேலை செய்யும்.

இனிப் பொருத்தம். வெளிக் கொம்பனி லென்ஸில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் இதுதான், கண்ணாடியின் தரத்தில் இல்லை. கெனன் தன் இஎஃப் மவுண்டின் இரகசியத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, மற்றவர்கள் கெமராவும் லென்ஸும் கதைக்கிற மொழியைக் கேட்டுக் கேட்டுப் படித்துத்தான் லென்ஸ் செய்தார்கள். அதனால் ஃபிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் பலவற்றை டிஜிட்டல் கெனனில் போட்டுத் திறப்பைக் கொஞ்சம் குறைத்து எடுத்தால் "எரர் 99" என்று திரையில் வந்து கெமரா நின்றுவிடும். மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்படிப்பட்ட பழைய சிக்மாவைத் தூக்காதீர்கள். வாங்க முன் உங்கள் கெமராவிலேயே பூட்டி, எஃப் 8இல் வைத்துப் பத்துப் படம் அடித்துப் பார்த்தால் போதும், விஷயம் தெரிந்துவிடும்.

நிக்கோன்காரர்களுக்கு வேறு பிரச்சினை. டி3000, டி5000 வரிசைக் கெமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, லென்ஸுக்குள் இருக்க வேண்டும். டாம்ரோன் 17-50இன் நிக்கோன் வகையே இரண்டு உண்டு, ஒன்றில் மோட்டார் இல்லை, பின்னால் வந்ததில் உண்டு. பெட்டியில் ஏ16என் என்று இருந்தால் மோட்டார் இல்லாதது, ஏ16என்-இரண்டு என்று இருந்தால் உள்ளது. பெட்டி தொலைந்த லென்ஸ் என்றால் பின்பக்கத்து உலோக வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். திருகாணித் தலையில் இருப்பது போல ஒரு சின்ன வெட்டுப்பள்ளம் தெரிந்தால், அதைக் கெமராதான் திருப்ப வேண்டும், உங்கள் டி3200இல் அது கையால் ஃபோகஸ் செய்கிற லென்ஸாகத்தான் இருக்கும். நிக்கோன் இசட் கெமராவில் எஃப்டிஇசட் அடப்டரோடு போட நினைப்பவர்களுக்கும் இதே கதை, அந்த அடப்டருக்குள்ளும் மோட்டார் இல்லை. சொந்தக் கொம்பனி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் இல்லை: நிக்கோனின் ஏஎஃப்-பி என்று எழுதியிருக்கிற புது வகை லென்ஸ்கள் டி3100, டி7000 போன்ற நிக்கோனின் பழைய கெமராக்களிலேயே ஃபோகஸ் ஆகாது.

இப்போது டெலி சூம். இங்கே என் பேச்சு தலைகீழாக மாறுகிறது.

கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் மர நிழலில் புள்ளிமான்கள் படுத்துக் கிடக்குமே, பத்து வருடத்துக்கு முதல் அங்கேதான் என் பாடத்தைப் படித்தேன். என்னிடம் இருந்தது மலிவான டாம்ரோன் 70-300, நடுக்கத் தடுப்பு இல்லாத பழைய வகை. கூட வந்த நண்பனிடம் கெனனின் சாதாரண 55-250 ஐஎஸ், நடுக்கத் தடுப்பு உள்ளது. ஒரே மான், ஒரே பின்னேர வெளிச்சம். என் படத்தில் கொம்பின் ஓரமெல்லாம் ஊதா நிறத்தில் கோடு, கண் தெளிவில்லை, மான் தலையைத் திருப்பிய பிறகுதான் லென்ஸ் ஃபோகஸைப் பிடித்து முடித்தது. நண்பனின் படத்தில் மானின் மூக்கு ஈரம் மினுங்குவது தெரிந்தது. 300 என்று எழுதியிருப்பதைப் பார்த்து 250ஐ விட்டுவிட்டேன், அந்த 300இல் எடுத்த படங்களில் ஒன்றைக்கூட நான் அச்சடிக்கவில்லை.

ஆகவே காசு குறைவாக இருக்கும்போது டெலி சூமுக்குக் கெமராக் கொம்பனியிடமே போங்கள். கெனன் என்றால் 2013இல் வந்த 55-250 எஸ்டிஎம், 400 கிராமுக்கும் குறைவு, பிளாஸ்டிக் உடம்பு, படம் மட்டும் அதன் விலைக்கு மீறிய கூர்மை. நிக்கோனில் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300, ஆனால் பெயரில் விஆர் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், நடுக்கத் தடுப்பு இல்லாத வகையும் அச்சு அசலாக அதே தோற்றத்தில் விற்கிறது. சோனியில் 55-210. இவை எல்லாம் கெமராவோடு சேர்த்துப் பெட்டியாக விற்கப்பட்டவை, வாங்கியவர்களில் பாதிப்பேர் பாவிக்காமல் அலுமாரியில் வைத்திருக்கிறார்கள், அதனால் பாவித்த விலை மிகவும் குறைவு. வெளிக் கொம்பனியின் மலிவு டெலிகள் இதே விலைக்கு நடுக்கத் தடுப்பையும் வேகமான மோட்டாரையும் தருவதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு: டாம்ரோன் எஸ்பி 70-300 விசி, 2010இல் வந்தது. பெயரில் விசி (நடுக்கத் தடுப்பு), யுஎஸ்டி (வேகமான மோட்டார்) இரண்டும் இருந்தால் அது வேறு சாதி லென்ஸ், முழுச் சட்டகக் கெமராவுக்கும் பொருந்தும், நல்ல நிலையில் கிடைத்தால் எடுக்கலாம்.

திமிங்கிலம் பார்க்கப் படகில் போகிறவர்கள் இந்த வகை லென்ஸோடுதான் போக வேண்டும். மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரை கடல் அமைதியாக இருக்கும் காலத்தில் நீலத் திமிங்கிலம் எங்கள் கரைக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று உங்களுக்குத் தெரியும், சில நாட்களில் சுவாமி மலையில் நின்றே நீர் பீச்சுவதைக் காணலாம். படகில் 600 மி.மீ. லென்ஸைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் பலர் வால் முழுவதும் சட்டத்துக்குள் அடங்காமல், ஆடுகிற படகில் உருவத்தையே தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். சிறிய சென்சார் கெமராவில் 55-250 தாராளம். ஷட்டர் 1/1000க்குக் குறையக் கூடாது, கடல் வெளிச்சம் அதற்குப் போதும். எஃப் 2.8 டெலிக்கு இங்கே காசு கொட்டத் தேவையே இல்லை.

பறவைகளுக்கு என்று தனியாக அலைகிறவர்கள், கிண்ணியாப் பக்கத்துக் களப்புகளில் விடியப் போய்க் காத்திருப்பவர்கள், அவர்களுக்குத்தான் 600. சிக்மா 150-600 கண்டெம்பரரி, டாம்ரோன் 150-600 இரண்டும் கிட்டத்தட்ட இரண்டு கிலோ, படமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எது நல்ல நிலையில் நல்ல விலைக்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். கெனன் டிஎஸ்எல்ஆர்காரர்களுக்கு இந்த விலையில் சொந்தக் கொம்பனியில் 600 வரை போகிற சூம் கிடையாது. நிக்கோன்காரர்களுக்கு மட்டும் 2015இல் வந்த நிக்கோன் 200-500 எஃப் 5.6 உண்டு, அது சற்று எடை கூட, ஆனால் முழு நீளத்திலும் எஃப் 5.6 என்பதால் அதிகாலை வெளிச்சத்தில் கை கொடுக்கும். நிக்கோனாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

வெளிக் கொம்பனி எடுத்தால் என்ன இழப்பீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திரும்ப விற்கும்போது விலை கூடுதலாக விழும். சோனியின் வேகமான கெமராக்களில் தொடர்ச்சியாகச் சுடும் வேகம் வெளிக் கொம்பனி லென்ஸோடு செக்கனுக்கு 15 படத்தோடு நின்றுவிடும், இது விளையாட்டு எடுப்பவர்களுக்கு மட்டும்தான் பொருட்டு. சூம் வளையம் சுற்றுகிற திசை உங்களுக்குப் பழகியதற்கு எதிராக இருக்கலாம். கெனனும் நிக்கோனுமே எதிர் எதிர்த் திசைதான், வெளிக் கொம்பனி ஒவ்வொன்றும் எல்லா மவுண்டுக்கும் தனக்கென்று ஒரே திசையில் செய்கிறது, இரண்டு கிழமையில் கை பழகிவிடும். சில சிக்மா லென்ஸ்களைக் கெனன் டிஎஸ்எல்ஆரில் போட்டால், கெமரா அந்த லென்ஸை வேறொன்றாக நினைத்து ஓர இருட்டைத் திருத்தப் போய்ப் படத்தில் வட்ட வட்டமாகக் கறை வரும், மெனுவுக்குள் லென்ஸ் திருத்தத்தை அணைத்துவிட்டால் சரி.

உத்தரவாதம் பற்றியும் கேட்கிறார்கள். கொழும்பில் வாங்கும்போது அது முகவரின் உத்தரவாதமா, கடையின் உத்தரவாதமா என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எந்தக் கொம்பனி லென்ஸ் பழுதானாலும் இங்கிருந்து பஸ்ஸில் கொழும்புக்குத்தான் போக வேண்டும். அதனால் வாங்க முன்பே, இந்த லென்ஸுக்கு மோட்டார், ரிப்பன் கேபிள் கிடைக்குமா என்று திருத்துகிறவரிடம் ஒரு தடவை கதைத்துப் பார்ப்பது நல்லது. கடையின் வாய்ப்பேச்சை விட அவர் பதில் உங்களுக்கு உதவும்.

பாவித்த லென்ஸ்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால், ஒரு டோர்ச்சும் பழைய பேப்பர் ஒன்றும் கொண்டு போங்கள். எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருக்கிறது, வாடை அடிக்கத் தொடங்கி மாரி மழை ஊற்றுகிற நவம்பர், டிசம்பரில் அலுமாரிக்குள் சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கும், லென்ஸுக்குள் பிடிக்காதா? நான் 2019இல் ஒருவரிடம் வாங்கிய சூம் வெளியே புத்தம் புதிது, மூடி, பெட்டி எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்து இரவில் டோர்ச்சைப் பின்பக்கமாகப் பிடித்து முன்பக்கத்தால் சாய்த்துப் பார்த்தபோதுதான் உள்ளே இரண்டாவது கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை போல வெள்ளை நூல்கள் கிளைவிட்டுப் படர்ந்திருப்பது தெரிந்தது. விற்றவர் எதுவும் சொல்லவில்லை. துப்பரவாக்கிய பிறகும் அந்த நூல்கள் இருந்த தடம் கண்ணாடிப் பூச்சில் அப்படியே நின்றது, வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் மங்கும். ஆகவே லென்ஸின் திறப்பை முழுதாகத் திறந்து வைத்து, டோர்ச்சை நேராக அடிக்காமல் கொஞ்சம் சரித்து அடித்து, சூமை இரண்டு முனைக்கும் இழுத்து இழுத்துப் பாருங்கள். நாலைந்து தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை, எல்லா லென்ஸிலும் இருக்கும். கிளைவிட்ட நூலோ, மூச்சு விட்ட கண்ணாடி போல மங்கலோ இருந்தால் என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது பேப்பர். சிறு எழுத்து விளம்பரங்கள் நிறைந்த பக்கத்தைச் சுவரில் மட்டமாக ஒட்டி, கெமராவை மேசையிலோ முக்காலியிலோ நேராக வைத்து, திறப்பை முழுதாகத் திறந்து ஒரு படம், எஃப் 8இல் ஒரு படம், சூமின் இரண்டு முனையிலும் இதையே செய்யுங்கள். படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலையையும் ஒப்பிடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும், அல்லது ஒரு பக்கம் முழுவதும் கரைந்து போயிருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, எங்கோ விழுந்த லென்ஸ். டிஎஸ்எல்ஆர் என்றால் இன்னொன்று: வியூஃபைண்டரால் ஃபோகஸ் செய்து ஒரு படம், பிறகு பின்திரையில் லைவ் வியூவில் ஃபோகஸ் செய்து ஒரு படம். இரண்டாவது தெளிவு, முதலாவது மங்கல் என்றால் ஃபோகஸ் முன்னுக்கோ பின்னுக்கோ விழுகிறது. வெளிக் கொம்பனி லென்ஸ்களில் இது கொஞ்சம் கூடுதலாகக் காணலாம், உங்கள் கெமரா மெனுவில் ஃபோகஸ் நுண்திருத்தம் இருந்தால் சரிசெய்யலாம், இல்லாவிட்டால் விடுங்கள். மிரர்லெஸில் சென்சாரே ஃபோகஸைப் பார்ப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் சூம் வளையத்தைச் சுற்றும்போது மணல் அரைகிற சத்தம் கேட்டால், நிலாவெளிக் கடற்கரை அதற்குள் போயிருக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள்.

கையில் இருக்கிற காசு முழுவதையும் லென்ஸுக்கே போடாதீர்கள். பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்து, இறுக்கமாக மூடுகிற பெரிய பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல், உள்ளே வைக்கச் சின்ன ஈரமானி ஒன்று வாங்குங்கள். ஈரம் 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில் நிற்க வேண்டும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம். அரிசி வாளிக்குள் வைக்கிற பழக்கத்தை விடுங்கள், அரிசித் தவிடு சூம் இடுக்கில் போய் உட்காரும். வெளிக் கொம்பனி லென்ஸும் இந்தப் பெட்டியும் சேர்த்து வாங்கினால்கூடக் கெமராக் கொம்பனியின் எஃப் 2.8 விலைக்குக் கிட்ட வராது, பெட்டியில்லாமல் வைத்த விலை கூடிய லென்ஸ் எங்கள் ஊரில் மூன்று மாரியைத் தாண்டுவது கஷ்டம்.

தம்பி கடைசியில் பாவித்த சிக்மா 17-50 எடுத்தான், மிஞ்சிய காசுக்கு 55-250 ஒன்றும் கிடைத்தது. போன கிழமை விடிய உப்புவெளியில் கரைவலை இழுக்கிறவர்களை அந்த 17-50ஆல் எடுத்து அனுப்பியிருந்தான், கயிறு பிடித்த கைகளில் உப்பு காய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. கடற்கரையால் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். சூமை உள்ளே இழுக்க முன் வெளியே துடை, அதுதான் முதல் வேலை: நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் குழலைச் சுற்றித் துடைத்து, உடனே காய்ந்த துணியால் இன்னொரு தடவை துடைத்து, மின்விசிறிக்குக் கீழே அரை மணிநேரம் வைத்து, பிறகு பெட்டிக்குள் போடு.